மாதாவின் பெட்டியில் போட்ட முறைப்பாடுகள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் இமெல்டாவின் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம், குரலைத் தெரியாதவர்கள் இல்லை. கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் ஏஜன்சியின் ரெலிபோன் போர்டுக்கு முன்னால் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, மூன்று மொழியிலும் ஆட்களைக் காக்க வைத்துப் பழகிய குரல் அது. கப்டன்மாரையே "லைனில் நில்லுங்கோ" என்று அதட்டியவள். கல்யாணம் ஏன் செய்யவில்லை என்று கேட்கத் துணிந்த இரண்டு மூன்று பேருக்கும் அதே குரலில் பதில் கிடைத்தது. பிறகு ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் குரலுக்காகத்தான் பங்குச் சுவாமி ஒஸ்வால்ட் ஃபாதர் அவளைப் பிடித்து, புதன்கிழமை நவநாளில் மன்றாட்டு வாசிக்க விட்டார். சகாய மாதாவின் படத்தடியில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் உள்ளவர்கள் கடதாசியில் எழுதிப் போடுவார்கள். பேர் எழுதத் தேவையில்லை. வேதக்காரர்தான் போட வேண்டும் என்றும் இல்லை. சைவக்காரர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் போடுவார்கள். ஒருவர் போடுவதை மற்றவர் பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டார். நோய்க்கு, வேலைக்கு, விசாவுக்கு, குடிகாரப் புருஷனுக்கு, பொலிஸ் ரவுண்டப்பில் பிடித்துக்கொண்டு போன பிள்ளைக்கு என்று பெட்டி வாரா வாரம் நிரம்பும்.

அவற்றை அப்படியே வாசிக்க முடியாது. "என் மாமியின் நாக்கு அழுக வேண்டும்" என்று எழுதிப் போட்டால் அதைக் கோயிலில் வாசிக்கிறதா? ஆகவே இமெல்டா செவ்வாய்க்கிழமை பின்னேரம் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு ஒரே வரியில் திருத்தி எழுதுவாள். பேர், வீடு, கடை, கொம்பனி எல்லாம் வெட்டுப்படும். மாமியின் நாக்கு "குடும்பச் சமாதானத்துக்காக" ஆகிவிடும். வாசித்து முடிந்ததும் கடிதங்களைக் கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய் எரித்துவிடுவாள். தெருவின் வயிற்றெரிச்சல் முழுக்க அவளுக்கு அத்துபடி. யாருடைய கையெழுத்து எது என்பதும் தெரியும். பதினொரு வருடத்தில் ஒரு சொல் வெளியே போனதில்லை. அதில் அவளுக்குச் சரியான பெருமை. அந்தப் பெருமையே பிறகு அவளைப் போட்டு ஆட்டியது.

தொண்ணூற்றேழாம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, தெருமுனை ஐஸ் கொம்பனியில் அமோனியாக் குழாய் வெடித்தது. துறைமுகத்து மீனுக்கெல்லாம் ஐஸ் போடும் பழைய கொம்பனி அது. வெள்ளைப் புகை மதிலைத் தாண்டி வந்து தெருவில் படுத்துக்கொண்டது. கண் தெரியாமல், மூச்சு எடுக்க முடியாமல் சனம் விழுந்து விழுந்து ஓடியது. நான்கு பேர் செத்தார்கள், அதில் இரண்டு பேர் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிட்ட பிள்ளைகள். நூறு பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில். புகையை அடக்கத் தீயணைப்புப் படை அடித்த தண்ணீர் சாக்கடைக் கானில் இறங்கிக் கால்வாய்க்குப் போக, கால்வாயில் மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தது. தெருவில் இருந்த ஒரே முருங்கை மரம் மத்தியானத்துக்குள் கருகிவிட்டது.

இன்னும் எத்தனை பேர் செத்திருப்பார்களோ, அந்த நேரம் ஷிப்ட்டில் இருந்த எஞ்சின்காரன் ஹெக்டர் மட்டும் ஓடியிருந்தால். அவன் ஈரச் சாக்கை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போய்ப் பெரிய வால்வைப் பூட்டினான். இரண்டு கையும் வெந்துபோய்த்தான் வெளியே வந்தான்.

அடுத்த நாளே பழி சொல்லும் பந்தாட்டம் தொடங்கியது. கொம்பனிக்கு லைசன் கொடுத்தது முந்தின அரசாங்கம் என்றார் அமைச்சர். கொடுத்தது நாங்கள்தான், வருடா வருடம் புதுப்பித்தது யார் என்றது எதிர்க்கட்சி. முறைப்பாடு வந்தால்தான் போய்ப் பார்ப்போம், எங்கள் முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை என்றது லைசன் கொடுக்கும் அரசாங்கக் கந்தோர். நேற்று வரைக்கும் குழாய் புதுசு மாதிரி இருந்தது, இது நாசவேலை என்றது கொம்பனி. அந்தச் சொல் வந்ததும் எல்லாருக்கும் ஒரே நிம்மதி. அமைச்சருக்கும் எதிர்க்கட்சிக்கும் கந்தோருக்கும் அவ்வளவு காலமும் இல்லாத ஒற்றுமை அன்றைக்கு வந்தது. ஹெக்டரின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யுத்தம் நடக்கும் வடக்கிலுள்ள மன்னார் என்று இருந்தது. வால்வில் அவனுடைய கை அடையாளம் இருந்தது. வேறென்ன வேண்டும்? கையில் கட்டுப்போட்டபடியே அவனை ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து பொலிஸ் கொண்டுபோனது.

ஹெக்டரின் மனைவி டோரின், இமெல்டாவுக்குப் பக்கத்து வீடு. கல்யாணமாகி ஒன்றரை வருடம். முதல் மாதம் முழுக்க ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். செப்டம்பரில் அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரைப் போட்டு விசாரணைக் கமிஷன் வைத்தபோது, வெள்ளவத்தையிலிருந்து கனகசபாபதி என்ற லோயர் காசு வாங்காமல் ஹெக்டருக்காக வந்தார். முதல் நாள் விசாரணை முடிந்து வந்த டோரின், இமெல்டாவின் குசினி வாசலில் அப்படியே குந்திவிட்டாள்.

"லோயர் என்ன சொன்னவர்?"

"குழாய் முந்தியே பழுதெண்டு காட்டினாத்தான் அன்ரி இவரை எடுக்கலாமாம். இவர் மனேஜரிட்ட எத்தினை தரம் சொன்னவர். மனேஜர் இப்ப ஒருத்தரும் சொல்லேல்லை எண்டு சத்தியம் பண்ணிப்போட்டான். கந்தோர்க்காரன் புத்தகத்தைக் கொண்டுவந்து விரிச்சுக் காட்டுறான், பார் ஒரு முறைப்பாடும் இல்லையெண்டு. ஏழு மாசமா இந்தத் தெருவில நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிஞ்சம். ஒரு மனிசன்கூட ஒரு முறைப்பாடு எழுதேல்லையே அன்ரி?"

இமெல்டா கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தாள். எழுதியிருக்கிறார்களே. எல்லாரும் எழுதினார்களே. மாதாவுக்கு.

டோரின் போனதும் கொப்பியை எடுத்துப் புரட்டினாள். ஜனவரி தொடக்கம் ஓகஸ்ட் வரை பதினேழு மன்றாட்டு. "துர்க்காற்றால் மூச்சுத் திணறும் ஒரு குழந்தைக்காக." "கண் நோயால் வருந்தும் ஒரு தாய்க்காக." "சுற்றாடல் சுகத்துக்காக." எல்லாம் அவளுடைய அழகான கையெழுத்தில், மரியாதையாக, பல்லுப் பிடுங்கியது மாதிரி. அந்தக் கடிதங்கள் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. ஒரு கடிதம் மீன்கடைக் கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது. ஐஸ் கொம்பனிப் பின்மதிலில், ரப்பர் சுற்றிக் கம்பி கட்டிய குழாயிலிருந்து புகை வருகிறது, என் பிள்ளைக்கு மூச்சு எடுக்க ஏலாமல் இருக்கிறது, மாதாவே அந்த ஓட்டையை அடை என்று. கொம்பனியையும் மதிலையும் ரப்பரையும் கம்பியையும் வெட்டியவள் இமெல்டா. கடிதத்தை எரித்தவளும் இமெல்டா.

"மடச்சி," என்று தன்னையே ஏசினாள். "வாசிக்கத் தெரிஞ்ச மடச்சி. ஏழு மாசம் வாசிச்சனி, ஒருநாள் போய் அந்தக் குழாயை எட்டிப் பாத்தனியா?"

விடிந்ததும் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஒஸ்வால்ட் ஃபாதரிடம் போனாள். ஃபாதர் வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பாவசங்கீர்த்தனத்தில கேட்ட இரகசியம் இல்லை, இமெல்டா. கொப்பியை நீங்கள் கொண்டுபோகலாம்."

"பேருகளைச் சொல்லலாமா, ஃபாதர்?"

ஃபாதர் கொப்பியை மூடி அவளிடம் நீட்டினார். "பேர் இல்லாமப் போடலாம் எண்டு நாங்கள்தானே சொன்னனாங்கள். அதை நம்பித்தான் போட்டதுகள். அந்தப் பேர் உங்களுக்கும் சொந்தமில்லை, எனக்கும் சொந்தமில்லை."

கனகசபாபதி கொப்பியை இரண்டு தரம் புரட்டினார். ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத மனிதர்.

"அம்மா, இதில ஐஸ் கொம்பனி எண்டு ஓரிடத்திலயும் இல்லையே. துர்க்காற்று எண்டா கான் நாத்தம் எண்டு சொல்லுவான் அவங்கட லோயர். எழுதினது ஆர் எண்டு தெரியுமோ?"

"தெரியும்."

"சொல்லுங்கோ, நான் அழைப்பாணை எடுக்கிறன்."

"சொல்லமாட்டன்."

"அந்தப் பொடியன் உள்ளுக்கை கிடக்கிறான்."

"எனக்குத் தெரியாதே? பக்கத்து வீட்டில ராவும் பகலும் அழுகைச் சத்தம் எனக்குத்தான் கேக்குது," என்று சீறினாள் இமெல்டா. சீறிவிட்டு அவளுக்கே அழுகை வந்துவிட்டது. "அவையளா வந்து சொல்லோணும், சேர். நான் கேக்கிறன். கேக்கிறது என்ர வேலை."

அவர்கள் ஏன் வரமாட்டார்கள் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தெருவில் பாதி வீட்டில் வவுனியாவிலிருந்தோ மன்னாரிலிருந்தோ வந்த ஒரு மச்சாளோ மருமகனோ இருப்பார்கள். கொழும்பில் தங்குவதற்கான பொலிஸ் பதிவு காலாவதியாகியிருக்கும், அல்லது எடுக்கவே இல்லை. மற்றப் பாதி வீட்டுக்கு ஐஸ் கொம்பனியால்தான் சோறு. அந்தக் கலண்டர் தாளை எழுதிய நளீபாவின் புருஷன் பௌஸி மீன் வியாபாரி. ஐஸ் வாங்குவது அந்தக் கொம்பனியில். போதாததற்கு, மனைவி மாதாவின் பெட்டியில் கடிதம் போட்டாள் என்று தெரிந்தால் பௌஸி என்ன சொல்வாரோ, யாருக்குத் தெரியும்.

அடுத்த புதன்கிழமை கோயில் நிரம்பி வாசல் வரைக்கும் சனம். இமெல்டா வழக்கம்போல் நோய்க்கும் விசாவுக்கும் வாசித்தாள். கடைசியில் கொப்பியை மூடிவிட்டு, மடித்து வைத்திருந்த ஒரு தாளைப் பிரித்தாள். ரெலிபோன் போர்டுக் குரலிலேயே வாசித்தாள்.

"சகாய மாதாவே, இது இமெல்டாவின் மன்றாட்டு. பதினான்கின் கீழ் இரண்டாம் இலக்கம், இந்தத் தெரு. ஐஸ் கொம்பனிக் குழாயிலிருந்து புகை வருகிறது என்று உன் பெட்டியில் பதினேழு கடிதம் வந்தது. நான் கொம்பனியின் பேரை வெட்டினேன். கடிதங்களை எரித்தேன். ஹெக்டர் செய்யாத குற்றத்துக்கு மறியல் சிறையில் இருக்கிறான். எழுதியவர்கள் யார் என்று நான் சொல்லமாட்டேன். வருகிற திங்கட்கிழமை பத்து மணிக்குப் புதுக்கடையில் விசாரணை. அங்கே நான் தனியாகப் போகாமல் பார்த்துக்கொள்."

கோயிலுக்குள் பேரையும் வீட்டு இலக்கத்தையும் உரக்கச் சொல்வதா? அந்தக் காலத்தில் சொந்த வீட்டுக்குள்ளேயே ஆட்கள் அதை மெதுவாகத்தான் சொன்னார்கள். ஒஸ்வால்ட் ஃபாதர்தான் முதலில் "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றார். சனம் பின்னால் முணுமுணுத்தது.

வியாழன் ஒருவரும் வரவில்லை. வெள்ளி ஒருவரும் வரவில்லை. சனிக்கிழமை பேக்கரிக்குப் பாண் வாங்கப் போன இடத்தில் நளீபா அவளைக் கண்டுவிட்டு மற்றப் பக்கம் கடந்து போனாள். இமெல்டாவுக்கு ஆத்திரம் வந்தது. பிறகு அந்த ஆத்திரத்துக்காக வெட்கமும் வந்தது.

திங்கட்கிழமை, கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. ஹெக்டரை இரண்டு பொலிஸ்காரர் நடுவில் இருத்தியிருந்தார்கள். கைப்புண் ஆறிச் சுருங்கிப்போயிருந்தது. டோரினும் ஒஸ்வால்ட் ஃபாதரும் முன் வாங்கில். அதற்குப் பின்னால் இருந்த நாலு வாங்கும் வெறுமை. இமெல்டா சாட்சிக் கூட்டில் ஏறி, சுத்தமான சிங்களத்தில் நடந்ததைச் சொன்னாள். கொம்பனி லோயர் எழும்பினார். ஆள் சிரித்த முகம்.

"நோனா, இந்தக் கொப்பி முழுக்க உங்கள் கையெழுத்துத்தானே?"

"ஓம்."

"போன மாதம் உட்கார்ந்து எழுதியிருக்கலாம்."

"எழுதியிருக்கலாம். எழுதேல்லை."

"துர்க்காற்று என்று இருக்கிறது. கானிலிருந்து வருவதும் துர்க்காற்றுத்தானே?"

"ஓம்."

"கடிதங்கள் எங்கே?"

"எரிச்சுப்போட்டன்."

"எழுதினவர்கள்?"

"அந்தப் பேர் எனக்குச் சொந்தமில்லை," என்றாள் இமெல்டா. லோயர் நீதிபதியைப் பார்த்துத் தலையைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். இனி ஒன்றும் கேட்கத் தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். ஹெக்டர் குனிந்துகொண்டான்.

அப்போதுதான் படியில் ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டது. வாசலில் பௌஸி நின்றார், லுங்கியும் வெள்ளைச் சட்டையும், மீன் வாசத்தோடு. வாசல் காவலரிடம் என்னவோ சொன்னார். பிறகு ஒதுங்கி நின்று மனைவிக்கு வழி விட்டார். நளீபா முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு உள்ளே வந்தாள். யாரும் கூப்பிடாமலே நடுச் சபைக்கு வந்து நின்றாள்.

"மாதாட பெட்டில போட்ட கலண்டர் தாள் என்ட," என்றாள். "நான்தான் எழுதின."

சபையில் சலசலப்பு. கனகசபாபதி பாய்ந்து எழும்பி, இந்தச் சாட்சியையும் கேட்க வேண்டும் என்றார். நீதிபதி தலையசைத்தார். நளீபா கூட்டில் ஏறினாள். மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் நின்றார்.

"என்னத்தைக் கண்டீங்கள்?" என்று கேட்டார் கனகசபாபதி.

"எங்கட குசினி ஜன்னலால கொம்பனிப் பின்மதில் தெரியும். அதுல ஒரு குழாய் ஈக்கி. பெப்ரவரி மாசம் அதுல ரப்பர் டியூபைச் சுத்திக் கம்பி கட்டினாங்க. கம்பி கட்டின பொறகும் வெள்ளைப் பொக வந்திச்சு. சின்னவனுக்கு மூச்சு இழுத்திச்சு, அதுதான் எழுதின."

கனகசபாபதி வெடித்த குழாயின் போட்டோவை எடுத்துக் கூட்டில் வைத்தார். பொலிஸ் எடுத்த போட்டோ. குழாயில் பிளந்த இடத்துக்குப் பக்கத்தில் துருப்பிடித்த கம்பித் துண்டு ஒன்று தொங்கியது. அவ்வளவு நாளும் அது என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை.

"இதே இடமோ?"

"ஓம், இதே எடம்தான். கம்பியும் அதுதான்."

நீதிபதி போட்டோவை வாங்கி நெடுநேரம் பார்த்தார். பிறகு நளீபாவிடம் தானே கேட்டார். கோபமாக அல்ல, உண்மையிலேயே விளங்காமல் கேட்டார்.

"அம்மா, இதற்கென்று அரசாங்கக் கந்தோர் ஒன்று இருக்கிறது. பஸ்ஸில் ஏறினால் பத்து நிமிடம். அங்கே போய் முறையிடாமல், உங்கள் சமயமும் இல்லாத ஒரு கோயில் பெட்டியில் ஏன் போட்டீர்கள்?"

நளீபா மொழிபெயர்ப்பாளரைப் பார்க்கவில்லை. நீதிபதியையே பார்த்தாள்.

"கந்தோருக்குப் போனா மொதல்ல பேரைக் கேப்பாங்க. பொறகு ஊட்டு நம்பரைக் கேப்பாங்க. பொறகு ஊட்டுல யாரு யாரு ஈக்கிறாங்கன்னு கேப்பாங்க. குழாயைப் பத்திக் கேக்கவே மாட்டாங்க. மாதா ஒண்டும் கேக்கல்ல."

மொழிபெயர்ப்பாளர் தயங்கினார், இதைச் சொல்வதா, கொஞ்சம் நெளித்துச் சொல்வதா என்று அவர் யோசிப்பது தெரிந்தது. இமெல்டாவுக்குப் பொறுக்கவில்லை. இருந்த இடத்திலேயே எழும்பி, ரெலிபோன் குரலில், ஒரு சொல் வெட்டாமல் சிங்களத்தில் சொன்னாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை. நீதிபதி அதைத் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

அவர் எழுதி முடிக்கும்போது படியில் மறுபடி செருப்புச் சத்தம். கண் நோய்க்காரி வந்தாள். முருங்கை மரத்துக்காரி வந்தாள். ஐஸ் கொம்பனியிலேயே சாக்குத் தைக்கும் நேசமலர் வந்தாள், அன்றைய கூலியை விட்டுவிட்டு. மத்தியானத்துக்குள் ஒன்பது பெண்கள். ஒவ்வொருவரும் பேரும் வீட்டு இலக்கமும் சொல்லித்தான் கூட்டில் ஏறினார்கள். பின்னாலிருந்த வாங்குகள் நிரம்பிவிட்டன. ஹெக்டர் தலையை நிமிர்த்தி அந்த வாங்குகளையே பார்த்துக்கொண்டிருந்தான்; கண்ணீர் வடிந்தது, சுருங்கிப்போன கையால் துடைக்கவும் தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில் அவனை விட்டார்கள். நாசவேலைக்கு அத்தாட்சி இல்லை, குழாய் ஆறு மாதமாகப் பழுது, கொம்பனியின் லைசனை நிறுத்த வேண்டும் என்று கமிஷன் எழுதியது. அமைச்சரும் எதிர்க்கட்சியும் அந்த அறிக்கையைத் தங்களுக்குக் கிடைத்த வெற்றி என்று தனித்தனியாகக் கொண்டாடினார்கள். கொண்டாடிவிட்டுப் போகட்டும். டோரின் மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் நன்றாகச் சாப்பிட்டாள்.

ஆனால் ஒன்பது பெண்களுடைய பேரும் வீட்டு இலக்கமும் இப்போது அரசாங்கத்தின் அச்சடித்த அறிக்கையில் இருந்தன. அந்தப் பயம் தெருவை விட்டுப் போகவில்லை. ஜனவரியில் ஒருநாள் காலை, அரசாங்க ஜீப் ஒன்று வந்து தெருமுனையில் நின்று, இளம் உத்தியோகத்தர் ஒருவர் ஃபைலோடு இறங்கி நளீபாவின் பேரை விசாரித்தபோது, பத்து வீட்டு ஜன்னல் ஒரே நேரத்தில் பூட்டப்பட்டது. இமெல்டா சேலையைச் செருகிக்கொண்டு தெருவுக்கு இறங்கினாள்.

"என்ன விஷயம், மாத்தயா? எதெண்டாலும் முதல்ல என்னட்டச் சொல்லுங்கோ."

லைசன் கந்தோர்க்காரராம். அரைகுறைத் தமிழில், வியர்த்து வழிய விளக்கினார். கொம்பனி குழாய் எல்லாம் மாற்றிவிட்டதாகச் சொல்லி மறுபடி லைசன் கேட்டிருக்கிறது. அயலில் இருப்பவர்களைக் கேட்காமல் இனிமேல் கொடுக்கக் கூடாது என்று கமிஷன் சொல்லிவிட்டது. யாரைக் கேட்பது என்று பார்த்தால் அறிக்கையில் ஒன்பது பெண்களுடைய பேர் இருக்கிறது. ஆகவே வந்தேன்.

இமெல்டா வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். ஒன்பது பேரும் தெருவில் கூடினார்கள். பௌஸி மீன் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து நின்றார். டோரின் வந்தாள், பின்னால் ஹெக்டர். உத்தியோகத்தர் ஜீப்பின் மூக்கில் ஃபைலை விரித்துப் பேனையைத் திறந்தார்.

"லைசன் கொடுக்கலாமா, கூடாதா?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அரசாங்கம் அந்தத் தெருவிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறது. எங்கே பிறந்தாய், எப்போது வந்தாய், எப்போது போவாய், கட்டிலுக்கு அடியில் என்ன. யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்று வந்தது இதுதான் முதல் தரம். ஐஸ் இல்லாவிட்டால் பௌஸிக்கு வியாபாரம் இல்லை, நேசமலருக்குக் கூலி இல்லை, ஹெக்டருக்கு வேலை இல்லை. ஐஸ் இருந்தால் மறுபடியும் அந்தப் புகை. எல்லாரும் நளீபாவைப் பார்த்தார்கள்.

"குழாயைக் காட்டச் சொல்லுங்க," என்றாள் நளீபா. "நாங்க பாத்துட்டுச் சொல்றோம்."

உத்தியோகத்தர் ஃபைலைப் பார்த்தார். அதில் அப்படி ஒரு பதிலுக்கு இடம் இருக்கவில்லை. பேனையை மூடினார். சரி, வாருங்கள் என்றார். கொம்பனியின் முன் கேற்றைக் காவல்காரன் மனமில்லாமல் திறந்தான். ஹெக்டர் வழிகாட்ட, ஒன்பது பெண்களும் அந்தக் குழாயைப் பார்க்க உள்ளே போனார்கள்.